தின்னர் டின்னில் என்ன இருக்கிறது? பெயர் சொல்லாத கரைப்பானைப் பகுத்துப் பார்த்தல்

1973-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்களுக்குக் கைகால் வலுவிழக்கத் தொடங்கியது. துணிமீது பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி அச்சிடும் ஆலை அது. முதலில் விரல் நுனிகள் மரத்துப்போயின. பிறகு பிடி தளர்ந்தது, நடை தடுமாறியது. ஆராய்ந்தபோது, அச்சிடும் கரைப்பானில் முந்தைய ஆண்டு செய்யப்பட்ட ஒரு மாற்றம் தெரியவந்தது. மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன் இருந்த இடத்துக்கு மெத்தில் நார்மல்-பியூட்டைல் கீட்டோன் வந்திருந்தது. இரண்டிலும் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இரண்டின் மூலக்கூறு எடையும் 100. ஒன்றில் கார்பன் சங்கிலி கிளை விட்டிருக்கிறது, மற்றதில் நேராகப் போகிறது. வேறுபாடு அவ்வளவுதான். நேர்ச்சங்கிலி உள்ளது உடலுக்குள் போய் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாறி நரம்புகளைச் சிதைத்தது. எண்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர்.

1960களில் ஜப்பானில் செருப்புத் தைத்தவர்களுக்கும் இதே நரம்பு நோய் வந்தது. அங்கே காரணம், பசையில் இருந்த நார்மல்-ஹெக்ஸேன். அதுவும் உடலுக்குள் அதே ஹெக்ஸேன்டையோனாகத்தான் மாறுகிறது. கடையில் 'ஹெக்ஸேன்' என்று விற்கப்படுவது ஒற்றைப் பொருள் அல்ல. அதில் நார்மல்-ஹெக்ஸேனோடு மெத்தில்பென்டேன்களும் மெத்தில்சைக்ளோபென்டேனும் கலந்திருக்கும். நரம்பைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆகவே, "இந்தக் கரைப்பானில் ஹெக்ஸேன் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. எந்த ஹெக்ஸேன், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

நம் ஊர் மரவேலைப் பட்டறையிலும், பைக்குக்குப் பெயின்ட் அடிக்கும் கடையிலும், அச்சகத்திலும் இருக்கும் தின்னர் டின்னை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கும், லிட்டர் அளவு இருக்கும், தீப்பற்றும் என்ற எச்சரிக்கை இருக்கும். உள்ளே இருக்கும் பொருள்களின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெயர்களைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்ததைத் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் வேதியியல் எதுவரை பதில் சொல்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடையாளம் காண்பது முந்தி வர வேண்டும், பிரிப்பது பிந்தி வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காய்ச்சி வடித்துப் பிரித்துவிட்டால் உள்ளே இருப்பது தானாகத் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைக் கீழே காண்போம்.

கலவையைப் பிரிக்கத் தொடங்கும் முன், அதை ஏன் கலந்தார்கள் என்று தெரிந்துகொள்வது பாதி வேலையை முடித்துவிடும். என்.சி. தின்னர் என்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை இளக்குவதற்கானது. நைட்ரோசெல்லுலோஸை உண்மையில் கரைப்பவை அசிட்டோன் போன்ற கீட்டோன்களும், எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற எஸ்டர்களும். ஆல்கஹால்கள் தாமாக அதைச் சரிவரக் கரைப்பதில்லை; கீட்டோனோ எஸ்டரோ கூட இருந்தால் கரைக்கும் வேலையில் துணை நிற்கும். டொலுயீனும் சைலீனும் அதைக் கரைப்பதே இல்லை. ஆனால் விலை குறைவு. கலவையின் அளவைக் கூட்டும், மற்ற பிசின்களைக் கரைக்கும். இந்த மூன்று வகையும் இல்லாமல் என்.சி. தின்னர் தயாரிப்பது அரிது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் பளபளப்புக்குப் பதில் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது பாலீஷ் போடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். விரைவாக ஆவியாகும் அசிட்டோன் பரப்பின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. அந்த ஈரம் நைட்ரோசெல்லுலோஸை வெள்ளையாக உறைய வைக்கிறது. இதைத் தடுக்க, மெதுவாக ஆவியாகும் ஒரு பொருளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். பியூட்டைல் செல்லோசால்வ் அப்படிப்பட்ட ஒன்று. அதன் கொதிநிலை சுமார் 171 டிகிரி செல்சியஸ். ஆக, டின்னைத் திறப்பதற்கு முன்பே நம் கையில் ஒரு சந்தேகப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்குவதற்கும் வெறுங்கையோடு தொடங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மினரல் டர்பண்டைன் வேறு ரகம். அது பெட்ரோலியத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட கொதிநிலை எல்லைக்குள் வெட்டி எடுத்த பகுதி. ஏறத்தாழ ஏழு முதல் பன்னிரண்டு கார்பன் வரையுள்ள ஹைட்ரோகார்பன்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கின்றன. அதைத் தனித்தனிப் பொருளாகப் பிரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம், தேவையும் இல்லை. எத்தனை விழுக்காடு நேர்ச்சங்கிலி, எத்தனை வளையம், எத்தனை அரோமேட்டிக், பென்சீன் இருக்கிறதா இல்லையா என்பவை தெரிந்தால் போதும்.

இனி ஆய்வு. முதல் கட்டத்துக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஆனால் மூக்கை நம்பக் கூடாது. மோந்து பார்த்தே தின்னரின் தரம் சொல்பவர்கள் உண்டு. அந்த அனுபவத்துக்கு உடல் கொடுக்கும் விலை அதிகம், பதிலும் நம்பத்தக்கதல்ல. மெத்தனாலையும் எத்தனாலையும் மணத்தால் பிரித்தறிய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இறந்தார்கள்.

முதல் சோதனையாக, கண்ணாடித் தட்டில் தின்னரைச் சிறிதளவு ஆவியாக விட்டு, மிஞ்சுவதை எடை போட வேண்டும். பிசினோ எண்ணெயோ மெழுகோ இருந்தால் அங்கே தங்கிவிடும். இவை வாயு குரோமட்டோகிராபியில் தெரியாமலே போகக்கூடியவை. ஆகவே இந்த எளிய சோதனையைத் தவிர்க்கலாகாது. அடுத்து அடர்த்தி. அசிட்டோன் 0.79, டொலுயீன் 0.87, டைகுளோரோமீத்தேன் 1.33. கலவையின் அடர்த்தி தண்ணீரைத் தாண்டினாலோ அதை நெருங்கினாலோ குளோரின் சேர்மம் இருக்கிறதென்ற சந்தேகம் வர வேண்டும். சிவக்கச் சுட்டு ஆறவைத்த செப்புக் கம்பியை அதில் தொட்டுத் தீச்சுடரில் காட்டினால், குளோரினோ புரோமினோ இருக்கும்போது சுடர் பச்சையாகும். பெயில்ஸ்டைன் சோதனை என்று கல்லூரி ஆய்வகத்தில் செய்தது நினைவிருக்கலாம். புகைக் கூண்டுக்குள், கரைப்பான் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்ய வேண்டியது இது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. மூடியுள்ள அளவு ஜாடியில் ஐம்பது மில்லி தின்னரும் ஐம்பது மில்லி உப்புக் கரைசலும் ஊற்றிக் குலுக்கி, அவ்வப்போது மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிவிட்டு, நிற்க வைக்க வேண்டும். ஒரே தெளிந்த திரவமாக இருந்தது பால்போல் கலங்கும். சில நிமிடங்களில் இரண்டு அடுக்காகப் பிரியும். அசிட்டோனும் மெத்தனாலும் பெரும்பாலும் கீழே தண்ணீரோடு போய்விடும். டொலுயீனும் சைலீனும் பியூட்டைல் அசிட்டேட்டும் மேலே நிற்கும். மேலடுக்கு ஐம்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கியிருந்தால், ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீரில் கரைவது என்று கண்ணாலேயே தெரிகிறது. எத்தில் அசிட்டேட் ஓரளவு இரண்டு பக்கமும் போகும். அதனால் இது துல்லியக் கணக்கு அல்ல. ஆனால் பின்னால் கருவி தரும் எண்கள் இதோடு ஒத்துப்போகவில்லை என்றால், கருவியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது காய்ச்சி வடித்தலுக்கு வருவோம். அசிட்டோன் 56 டிகிரி, மெத்தனால் 64.7, டொலுயீன் 110.6, பியூட்டைல் அசிட்டேட் 126. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக வடித்து எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். பிரிகலன் வைத்துக் காய்ச்சும்போது நடப்பது வேறு. முதல் சொட்டு 55.5 டிகிரியில் விழுகிறது. அசிட்டோன் என்று குறித்துக்கொள்கிறோம். உண்மையில் அது அசிட்டோனும் மெத்தனாலும் சேர்ந்து, எடையில் சுமார் 12 விழுக்காடு மெத்தனாலோடு, ஒரே பொருள்போலக் கொதிக்கும் அசியோட்ரோப். பிறகு வெப்பநிலை ஏறி 64-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மெத்தனால் என்று குறித்துக்கொள்கிறோம். அதில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு டொலுயீன் இருக்கிறது! மெத்தனாலும் டொலுயீனும் அந்த வெப்பநிலையில் கைகோத்துக்கொண்டுதான் மேலே வருகின்றன. 110 டிகிரிக்காரர் 64 டிகிரியிலேயே வெளியேறிவிட்டார். சாதாரண வெப்பமானியில் தெரியும் வேறுபாடோ ஒரு டிகிரிதான். அந்தத் தெளிந்த வடிநீரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உடனே கலங்கி, டொலுயீன் மேலே மிதக்கும்.

எத்தனை நீளமான பிரிகலன் வைத்தாலும், எத்தனை முறை திரும்ப வடித்தாலும், அதே அழுத்தத்தில் இந்த இணைகள் பிரியா. எத்தனாலும் தண்ணீரும் 95.6 விழுக்காட்டில் நின்றுவிடுவதைப் பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். ஆனால் வணிகக் கரைப்பானில் இப்படிப்பட்ட இணைகள் ஒன்றிரண்டல்ல. எத்தனால் எத்தில் அசிட்டேட்டோடு, பென்சீன் சைக்ளோஹெக்ஸேனோடு, பியூட்டனால் டொலுயீனோடு என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. கொதிநிலையைக் கொண்டு பொருளை அடையாளம் காண்பது தூய பொருளுக்கான வழி. தெரியாத கலவைக்கு அதைப் பயன்படுத்தினால், இல்லாத பொருளை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் எழுதிவிடுவோம். காய்ச்சி வடித்தலால் ஆய்வுக்குப் பயன் உண்டு. கலவையை நான்கைந்து பின்னங்களாக எளிமைப்படுத்தித் தரும். பெயர் வைக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.

பெயர் வைப்பதற்கு உகந்த கருவி வாயு குரோமட்டோகிராபி. 1903-இல் வார்சாவில் மிகயில் ஸ்வெட் இலையின் நிறமிகளைப் பிரித்துக் காட்டியதில் தொடங்கிய வழி இது. 1941-இல் மார்ட்டினும் சிஞ்சும் திரவத்துக்குப் பதில் வாயுவையும் ஓடவிடலாம் என்று எழுதினார்கள். 1952-இல் ஜேம்ஸும் மார்ட்டினும் அதைச் செய்து காட்டினார்கள். 1957-இல் கோலே நுண்குழாய்க் கலனை அறிமுகப்படுத்திய பிறகு பிரிக்கும் திறன் பல மடங்கு கூடியது. இன்று முப்பது மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான தின்னரைச் செலுத்தினால், அரை மணி நேரத்தில் ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போது தனி முகடாக வெளியே வரும். அசியோட்ரோப் என்ற தொல்லை இங்கே இல்லை. ஓட்டத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் குழாயின் உட்பூச்சோடு தனித்தனியே உறவாடுகிறது. அந்த உறவின் வலிமைதான் வெளிவரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

குழாயின் முடிவில் நிறைமாலைமானியை இணைத்தால் ஒவ்வொரு முகட்டுக்கும், உடைந்த துண்டுகளின் நிறைகளால் ஆன கைரேகை கிடைக்கிறது. டொலுயீனுக்கு 91-ம் 92-ம், அசிட்டோனுக்கு 43-ம் 58-ம், பென்சீனுக்கு 78. குளோரின் இருந்தால் இரண்டு அலகு தள்ளி மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் துணைக்கோடு நிற்கும். புரோமின் இருந்தால் ஏறத்தாழச் சமமாக நிற்கும். கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயரையும் ஒத்துப்போகும் அளவையும் அச்சிட்டுத் தந்துவிடும். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அச்சிட்ட பெயரை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொடுக்கும் வழக்கம் பெருகிவருகிறது; அது சரியல்ல.

ஒரு சான்று: மூன்று சைலீன்களும் எத்தில்பென்சீனும் நிறைமாலையில் 91, 106 என்று கிட்டத்தட்ட ஒரே முகத்தைக் காட்டும். நூலகம் நான்கில் எதை வேண்டுமானாலும் முதலில் நிறுத்தும். வெளிவரும் நேரத்தைக் கொண்டே அவற்றைப் பிரிக்க வேண்டும். அதிலும் மெட்டா, பாரா இரண்டும் சாதாரணக் கலனில் ஒரே முகட்டில் ஒளிந்துகொள்ளும். முனைவுத்தன்மை கூடிய வேறொரு கலன் வேண்டும். கொலம்பஸ் ஆலையின் இரண்டு கீட்டோன்களும் இப்படித்தான்: உடைந்த துண்டுகள் பெரும்பாலும் ஒன்றே, 117 டிகிரியிலும் 127 டிகிரியிலும் கொதிப்பவை என்பதால் நேரத்தில் மட்டும் தெளிவாக விலகி நிற்கும்.

இதைவிட ஆபத்தானது மெத்தனால் விடுபட்டுப்போவது. காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் 28-லும் 32-லும் குறுக்கிடுவதால், பல ஆய்வகங்களில் கருவி 35-இலிருந்தோ 40-இலிருந்தோதான் படிக்கத் தொடங்கும்படி அமைத்திருப்பார்கள். மெத்தனாலின் முக்கியக் கோடுகள் 29, 31, 32. மூன்றும் எல்லைக்கு வெளியே! மேலும், மாதிரியை நீர்க்கச் செய்யப் பயன்படுத்திய திரவம் கருவியைக் கெடுக்காமலிருக்க முதல் இரண்டு மூன்று நிமிடம் அளவியை அணைத்து வைப்பது வழக்கம். மெத்தனாலும் அசிட்டோனும் அந்த நேரத்துக்குள்தான் வெளிவரும். இப்படி எடுத்த அறிக்கையில் "மெத்தனால் இல்லை" என்றிருந்தால், தேடவே இல்லை என்றுதான் அதற்குப் பொருள். சுடர் அயனி அளவி வைத்து, முனைவுக் கலனில், மாதிரியை நீர்க்காமல் ஒருமுறை ஓட்டினால் இந்த ஓட்டை அடைபடும். சுடர் அயனி அளவிக்கு வேறொரு குறை உண்டு: தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல் இருக்கிறது. 1935 முதல் அதை மிஞ்சிய எளிய வழி வரவில்லை.

அளவிலும் ஏமாறலாம். முகட்டின் பரப்பு 20 விழுக்காடு என்றால் பொருளும் 20 விழுக்காடு என்பதில்லை. சுடர் அயனி அளவி எரியும் கார்பனை எண்ணுகிறது. ஒரே கார்பனும் அதோடு ஆக்சிஜனும் கொண்ட மெத்தனால் தன் எடைக்கு மிகக் குறைவாகவே பதில் தரும், டொலுயீன் மிகுதியாகத் தரும். தூய பொருள்களை எடை போட்டுக் கலந்து, அதே நாளில் அதே கருவியில் ஓட்டி ஒப்பிட்டாலொழிய விழுக்காடு எழுதக் கூடாது. அடையாளத்துக்கும் இதே முறைதான் இறுதிச் சான்று: சந்தேகிக்கும் தூய பொருளைத் துளி சேர்த்து மீண்டும் ஓட்டும்போது அந்த முகடு, தோள் விடாமல், உயர மட்டும் செய்ய வேண்டும், அதுவும் இரண்டு வேறு கலன்களில்.

அகச்சிவப்பு நிறமாலை விரைவான சாட்சி. அலை எண் (செ.மீ⁻¹) கணக்கில் கீட்டோன் 1715-க்கு அருகிலும் எஸ்டர் 1740-க்கு அருகிலும் கூர்மையாக உறிஞ்சும். ஆல்கஹால் 3300-ஐ ஒட்டி அகலமாகப் பரவும். எந்த வகைகள் இருக்கின்றன என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதைப் பற்றி அதிகம் பேசாது. அணுக்கரு காந்த ஒத்ததிர்வு இதைவிட நேர்மையானது. ஹைட்ரஜன்களை நேரடியாக எண்ணிவிடுவதால், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ஒப்புக் கலவை இல்லாமலே விகிதம் கிடைக்கும். கருவியின் விலைதான் அதைப் பெரிய நிறுவனங்களுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறது.

இத்தனை கருவிகள் இருந்தும் காலம் தவறினால் பயனில்லை என்பதற்கு ஜப்பானின் ஒசாகா சாட்சி. 2012-இல் அங்கே ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் இளம் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்திருப்பது வெளிப்பட்டது. முதியவர்களுக்கே அரிதாக வரும் நோய்; ஒரே அச்சகத்தில் அது 17 பேரைத் தாக்கியிருந்தது. காற்றோட்டம் குறைந்த அறையில், மை துடைக்கும் கரைப்பானோடு நாள் முழுவதும் வேலை. எந்தெந்த ஆண்டில் எந்தக் கரைப்பானில் என்ன இருந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டியிருந்தது. டைகுளோரோமீத்தேன், 1,2-டைகுளோரோபுரோப்பேன் இரண்டும் சந்தேக வட்டத்துக்குள் வந்தன. முதலாவதைத் தொடாதவர்களுக்கும் நோய் வந்திருந்ததால் இரண்டாவதன்மேல் பார்வை நின்றது. 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையோடு செருப்புத் தைத்தவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததை 1970களில் முசாஃபர் அக்சோய் எழுதியபோதும் நிலைமை இதேதான். கண்டறிந்தது உண்மை, ஆனால் உடல்கள் கெட்ட பிறகு.

பிரித்தலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. உள்ளே இருப்பது தெரிந்த பிறகு வழிகள் தாமாகத் திறக்கின்றன. டொலுயீனில் உள்ள மெத்தனாலைத் தண்ணீரால் கழுவி எடுக்கலாம். எத்தில் அசிட்டேட்டில் உள்ள ஆல்கஹாலைக் கால்சியம் குளோரைடு பிடித்துக்கொள்ளும். எத்தனாலின் கடைசித் தண்ணீரை மூலக்கூறுச் சல்லடை உறிஞ்சும். அழுத்தத்தை மாற்றினால் சில அசியோட்ரோப்களின் விகிதமே நகர்ந்து கொடுக்கும். பாரா-சைலீன் 13 டிகிரியிலேயே உறைந்துவிடுவதால், அதன் உடன்பிறப்புகளிடமிருந்து படிகமாக்கிப் பிரிக்கலாம்; 138-க்கும் 139-க்கும் இடையே ஒரு டிகிரியை வைத்துக்கொண்டு வடித்துப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் எல்லாவற்றையும் தூய பொருளாகப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தொழிற்சாலைகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய தின்னரை மீட்கும் பெயின்ட் கடைக்கு, பிசினும் நிறமியும் நீங்கிய கலவையே ஸ்ப்ரே கன் கழுவப் போதும். மருந்து ஆலைக்குத் தூய்மை தேவை; அங்கே செலவு நியாயம். குளோரின் உள்ளதை மட்டும் எந்த நிலையிலும் மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் ஃபாஸ்ஜீனும் வரும். ஈதர் வகை இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் பெராக்சைடு சோதனை செய்யாமல் காய்ச்சக் கூடாது. எந்தக் கரைப்பானையும் வற்றும்வரை காய்ச்சக் கூடாது. அடுப்பிலோ ஹீட்டரிலோ வைத்துத் தின்னரை வடித்துப் பார்க்கும் வீட்டு முயற்சி வேண்டவே வேண்டாம். அசிட்டோனின் ஆவி சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றக் காத்திருக்கிறது.

கலந்தவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் இத்தனை பாடுபட்டு நாம் கண்டுபிடிக்கிறோம். 1989-ஆம் ஆண்டின் அபாயகர இரசாயனங்கள் பற்றிய இந்திய விதிகள் பாதுகாப்புத் தரவுத் தாள் தயாரிக்கச் சொல்கின்றன. பன்னாட்டு முறைப்படி அதில் 16 பகுதிகள் உண்டு, மூன்றாவது பகுதியில் உட்பொருள்கள் இருக்க வேண்டும். தின்னர் வாங்கும்போது அந்தத் தாளைக் கேளுங்கள். மூன்றாம் பகுதியில் 'அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்', 'ஆர்கானிக் சால்வென்ட்' என்று பொதுப்பெயர் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். அடையாள எண்ணைக் கேளுங்கள். மெத்தனாலுக்கு 67-56-1, பென்சீனுக்கு 71-43-2, நார்மல்-ஹெக்ஸேனுக்கு 110-54-3, 1,2-டைகுளோரோபுரோப்பேனுக்கு 78-87-5. பட்டறைச் சுவரில் இந்த நான்கு எண்களையும் எழுதி ஒட்டிவையுங்கள். தாள் தர மறுக்கும் கடையில் தின்னர் வாங்காதீர்கள்.